பூஜைக்கு வைத்த சாவி

சைக்கிள் சக்கரத்தில் ஒரு போக்ஸ் கம்பி உடைந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். மீதி அத்தனை கம்பி இருக்கிறதே, ஒன்று போனால் என்ன என்று பல பேர் அப்படியே ஓட்டுவார்கள். உங்கள் ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவருகிறவரும் அந்த ரகம்தான் போலிருக்கிறது. வாசலில் நிற்கும் அவருடைய சைக்கிளில், பின் சக்கரத்தில் ஒரு கம்பியைக் காணோம். பக்கத்துக் கம்பி தொளதொளவென்று ஆடுகிறது. உள்ளே வரும்போதே கண்ணில் பட்டது. அவரிடம் சொல்லி வையுங்கள், மேடம்.

கம்பிகள் சக்கரத்தைத் தாங்குகின்றன என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தாங்குவதில்லை, இழுக்கின்றன. சுற்றிலும் நின்று நடு அச்சை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்திருக்கின்றன. இழுப்பு சமமாக இருக்கும்வரை சக்கரம் நேராக ஓடும். ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கம் கோணிக்கொள்ளும். அதைத்தான் பெண்டு என்பார்கள். கம்பியின் முனையில் நிப்பிள் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை முடுக்கியோ தளர்த்தியோ சக்கரத்தை நேராக்குவதற்குப் பெண்டு எடுப்பது என்று பெயர். திருகைத் திருப்புவதற்கென்று உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சாவி உண்டு. என்னிடமும் ஒன்று இருக்கிறது. உங்கள் ஆட்கள் எடுத்துவந்து அந்தப் பிளாஸ்டிக் கவரில் போட்டிருப்பது அதுதான்.

என் பெயர் துர்காதேவி. கல்யாணத்துக்கு முன்பு அம்பத்தூர் பக்கம் ஒரு சைக்கிள் கம்பெனியில் கம்பி கோக்கும் செக்ஷனில் இருந்தேன். பெண்பிள்ளைகளின் விரல் வேகமாக ஓடும் என்று எங்களைத்தான் அந்த வேலைக்கு வைப்பார்கள். கோத்த சக்கரத்தைப் பக்கத்து மேஜையில் ஆண்கள் பெண்டு எடுப்பார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்து, அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் கை வைத்துப் பழகி நானும் கற்றுக்கொண்டேன். வேலையை விட்டபோது மேஸ்திரி என் கையில் ஒரு சாவியைக் கொடுத்தார், ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று. பிறகு கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஏரியைத் தாண்டி இருக்கிற இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கணவர் துளசிராமனுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நெல் நிலம். நல்ல மனிதர். ஒருநாள் காலையில் மடை திறந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனார். வரப்பிலேயே மாரடைத்து விழுந்திருக்கிறார். தண்ணீர் மட்டும் வயலுக்கு வந்தது.

அன்றிலிருந்து எனக்குப் பயம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. யாராவது வாசலைத் தாண்டிப் போனால் திரும்பி வரும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். போய்விட்டு வருகிறேன் என்ற வார்த்தையைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வேன். வீட்டில் மிச்சம் இருந்தது நானும் என் மகள் பூமிகாவும்தான். பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் அவள் போய்வந்த வருஷங்களில் நான் எத்தனை சாமிக்கு வேண்டிக்கொண்டேன் என்று அந்தச் சாமிகளுக்கே கணக்குத் தெரியாது. அவள் திரும்பி வந்து, கேட்டுக்குள் சைக்கிளை உருட்டுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

படிப்பு முடிந்ததும் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. போன் உள்பாகங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. கம்பெனி பஸ் எங்கள் ஊருக்குள் வராது. ஹைவேயின் சர்வீஸ் ரோட்டில் நிற்கும். ஆகவே பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த அந்தப் பழைய சைக்கிளில் ஏரிக்கரை மண்பாதை வழியாக சர்வீஸ் ரோட்டுக்குப் போய், அங்கே அன்புராஜ் என்ற பையனின் சைக்கிள் கடையில் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறுவாள். சர்வீஸ் ரோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர்கள் திரும்புகிற இடம். ஒவ்வொரு சுருளும் ஒரு அறை அளவு இருக்கும். அதைப் பார்த்த பிறகு எந்தத் தாயும் நிம்மதியாக உலை வைக்க மாட்டாள்.

வேலையை விடு என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தாள். "இன்னாம்மா நீ, ஊர்ல எல்லா பொண்ணுங்களும் போறாங்க. எனுக்கு மட்டும் லாரி காத்துக்கினு கீதா?" என்றாள். அவள் சிரிப்பு அப்பா மாதிரியே இருக்கும். எனக்கு அதுவும் பயமாக இருந்தது.

போன ஆடியில் ஒரு காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது பின் சக்கரத்தில் ஒரு கம்பியை நறுக்கினேன். திட்டமெல்லாம் கிடையாது. கட்டிங் பிளேயர் பக்கத்தில் கிடந்தது, அவ்வளவுதான். நறுக்கிய கம்பி செயினுக்குள் மாட்டிக்கொண்டது. பஸ் போய்விட்டது. அன்றைக்கு அவள் வீட்டில் இருந்தாள். பழவேற்காட்டிலிருந்து கூடையில் வந்த இறாலை வாங்கித் தொக்கு வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். அந்த மத்தியானம் எனக்குத் துளிக்கூடப் பயம் இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு மத்தியானம்.

அன்புராஜ் கம்பியை மாற்றிக் கொடுத்தான். சில நாள் கழித்து இன்னொன்றை நறுக்கினேன். பிறகு இன்னொன்று. இதில் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் பூமிகா குழம்பிப்போனாள். சைக்கிள் பழசாகிவிட்டது என்று முதலில் சொன்னவள், ஒருநாள் காலையில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, யாரோ நம்ம ஊட்டாண்ட வராங்கம்மா. நாம தூங்கச்சொல்ல வந்து கை வெச்சிட்டு போறாங்க."

"எவன் வருவான்?"

"தெரிலம்மா. எனுக்கு பயமா கீது."

அவள் உதடு வெளுத்திருந்தது. நான் அவளை அணைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டோம். தலைமாட்டில் அரிவாளை வைத்துக்கொண்டு படுத்தேன், அவளுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று. அங்காளம்மன் கோயிலிலிருந்து சாம்பல் வாங்கிவந்து பூசினேன். சைக்கிள் ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினேன். கட்டிலில் தனியாகப் படுக்கிற பெண் என் பாயில் வந்து படுத்தாள். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள், சின்னக் குழந்தையாக இருந்தபோது செய்ததுபோல. நாய் குரைத்தால் திடுக்கிட்டு விழித்து என் முகத்தைத் தடவிப் பார்ப்பாள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்பேன். மேடம், நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். பயத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தாய் ஆறுதல் சொல்வதில் தப்பு இல்லையே.

அன்புராஜ் கொஞ்சம் உற்றுப் பார்க்கிற பையன். ஒருநாள் நான் சந்தைக்குப் போகும்போது கூப்பிட்டு நிறுத்தினான். கையில் உடைந்த கம்பி. பழசான கம்பி தானாக உடைந்தால் அச்சுக்குப் பக்கத்தில், வளைகிற இடத்தில்தான் உடையும். அவசரத்தில் நான் நடுவில் நறுக்கியிருந்தேன்.

"இது தானா உடையலம்மா. யாரோ பிளேயர் வெச்சி நறுக்கிகிறாங்க. ரெண்டு மூணு தபா பாத்துட்டேன். பூமிகாவாண்ட சொல்லிடட்டா?"

"வேணாம்ப்பா. ஏற்கெனவே அது பயந்துக்கினு கீது. உன் மனசோட வெச்சிக்க. நான் பாத்துக்கறேன்."

"நீங்க சொன்னா சரிம்மா. ஆனா ஜாக்கிரதையா இருங்க. எவனோ ஒருத்தன் சுத்திக்கினு கீறான்."

எனக்காகக் கவலைப்பட்டான். கொடுத்த வாக்கையும் காப்பாற்றினான். நல்ல பையன் என்று இப்போதும் சொல்கிறேன்.

இப்படியே இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் பயம் ஒரே பக்கம்தான் இழுக்கும் என்று நான் நினைத்தது தப்பு. புரட்டாசியில் ஒருநாள் பூமிகா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். ஓசூரில் கம்பெனிக்கு இன்னொரு கிளை திறக்கிறார்களாம். ஹாஸ்டல் கொடுக்கிறார்களாம். பெயர் கொடுத்துவிட்டாளாம்.

"இந்த ஊட்ல இருக்கவே பயமா கீதும்மா. ராவுல தூக்கமே இல்ல. எவன் எப்ப வருவான்னு எத்தினி நாள் இப்டியே கெடக்கறது? நான் மொதல்ல போறேன். ஒரு ரூம் எடுத்துட்டு உன்னயும் இட்டுக்கினு போறேன். ரெண்டு பேரும் அங்கயே இருந்துக்கலாம்."

சரி என்றேன். அவள் கூட்டிக்கொண்டு போவாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் வருகிற நாட்கள் இருக்கின்றனவே. விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் நான் மட்டும். பாயில் பக்கத்து இடம் காலி. அதை நினைத்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அவளுக்கு இங்கே கடைசி ஷிஃப்ட். அதற்கு அடுத்த நாள் ஓசூர். சைக்கிளையும் ரயிலில் போட்டுக்கொண்டு போவதாக இருந்தாள், ஹாஸ்டலிலிருந்து கம்பெனிக்கு ஓட்ட. பூஜைக்கு முன்பு எல்லாரும் வண்டியைத் துடைத்துச் சரிபார்க்கக் கொடுப்பது வழக்கம் இல்லையா, இவளும் கொடுத்தாள். அன்புராஜ் முன் சக்கரத்துக்குப் புது ரிம் போட்டு, எல்லாக் கம்பியும் புதிதாகக் கோத்துக் கொடுத்தான். நான் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். ஒரு நூல் அளவுகூட ஆடவில்லை. கம்பிகளை விரலால் தட்டினால் எல்லாம் ஒரே மாதிரி ஒலித்தன. எங்கள் செக்ஷன் மேஸ்திரி பார்த்திருந்தால் கையோடு வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருப்பார்.

ஆயுத பூஜை எங்கள் ஊரில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மண்வெட்டி, அரிவாள், ஸ்பேனர், பூமிகாவின் கம்பெனி அடையாள அட்டை, என் சாவி எல்லாவற்றையும் கழுவி மணைப்பலகையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டோம். சைக்கிளுக்கும் ரிம் சுற்றிலும் பொட்டு வைத்து மாலை போட்டோம். பூஜை முடிந்தால் மறுநாள் காலைவரை எந்தக் கருவியையும் யாரும் தொடக்கூடாது. குழந்தை புத்தகம் எடுக்காது, தச்சன் உளி எடுக்க மாட்டான். ஊரில் யாரும் அதை மீற மாட்டார்கள். நானும் அதுவரை மீறியதில்லை.

பூமிகா பொரிகடலைத் தட்டை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கம் கொடுக்கப் போனாள். நல்ல வெயில். தெருவில் எங்கோ மைக் செட்டில் பாட்டு ஓடியது. நான் மணைக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு சாவியை எடுத்தேன். முன் சக்கரத்தில் ஒரு பக்கத்தில், அடுத்தடுத்து இருந்த சில கம்பிகளின் திருகைத் தளர்த்தினேன். பொட்டுகள் கலைந்தன. சந்தனம் குழைத்து அதே இடத்தில் திரும்பவும் வைத்துக் குங்குமமும் வைத்தேன். சாவியைக் கழுவி, அதற்கும் பொட்டு வைத்து, மணையில் முன்பு இருந்த மாதிரியே வைத்துவிட்டேன்.

நான் என்ன நினைத்தேன் என்பதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏரிக்கரைப் பாதையில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மேடுபள்ளம் இருக்கிறது. அங்கே குலுங்கினால் சக்கரம் மடங்கும். இரண்டு பக்கமும் புல், ஈரமண். விழுந்தால் கால் பிசகும். மிஞ்சிப்போனால் எலும்பு முறியும். கட்டுப் போட்டுப் பொங்கல்வரை வீட்டில் படுத்திருப்பாள். ஓசூரில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இவ்வளவுதான் என் கணக்கு. பெற்ற மகளை லாரிக்குக் கீழே தள்ளுகிற பெண் இல்லை நான்.

மறுநாள் காலையில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பூமிகா அதன் மேல் ஏற்றி நசுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். முன் சக்கரம் லேசாக நடுங்கியதை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. "வரேம்மா," என்றாள். நான் உள்ளே போய் எண்ணெயும் கட்டுத்துணியும் எடுத்து வைத்தேன்.

மதகில் சக்கரம் மடங்கவில்லை. நான் தளர்த்தாமல் விட்ட கம்பிகளை அன்புராஜ் அவ்வளவு முறுக்காக வைத்திருந்தான். அவை பிடித்துக்கொண்டன. சாதாரண கடைக்காரன் பூட்டிய சக்கரமாக இருந்தால் ஏரிக்கரையிலேயே போயிருக்கும். யோசித்துப் பார்த்தால் அவன் பக்கமும் கொஞ்சம் தப்பு இருக்கிறது. சர்வீஸ் ரோட்டில் டிரெய்லர் திரும்புகிற இடத்தில் அவள் பிரேக் பிடித்தபோதுதான் சக்கரம் எட்டாக மடங்கியது. டிரைவர் பாவம், மெதுவாகத்தான் வந்திருக்கிறார். கடைசிச் சக்கரம் இடது காலில் ஏறிவிட்டது.

சென்னைக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் அறைக்கு வெளியே நான் அழுத அழுகையை அங்கே இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நர்ஸ் எனக்காக அழுதாள்.

ரோட்டில் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காயில் சறுக்கியிருப்பாள் என்றுதான் முதலில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அப்படியே விட்டிருந்தால் அது அதோடு போயிருக்கும். என் கணவரின் தம்பி ராஜமாணிக்கம் இருக்கிறாரே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எதையாவது கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. ஆஸ்பத்திரியிலிருந்து நான் துணிமணி எடுக்க ஊருக்கு வந்த அன்றைக்கு, சைக்கிளைத் தூக்கிவந்து வாசலில் போட்டு, ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டு பார்த்தார். சில கம்பிகள் கையால் சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தன. திருகுகளின் மேல் சந்தனம் காய்ந்திருந்தது.

"பூஜ போட்ட வண்டி இது," என்றார். "வெச்ச சந்தனம் வெச்ச மாரியே கீது. பூஜ அன்னிக்கு எவனாவது ஆயுதத்த கைல தொட்டுருப்பானா? கடைசியா கை வெச்சது அந்த அன்புராஜ் ஒருத்தன்தான். பொண்ணு ஓசூர் போவுதுன்னு தாங்காம வேணும்னே பண்ணிகிறான்."

அன்புராஜுக்குப் பூமிகா மேல் ஆசை என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. ஒருத்தி பிரிந்து போவதைத் தாங்க முடியாமல் ஒருவர் இப்படிச் செய்வார் என்று சொன்னதும் ஊர் முழுக்க உடனே நம்பியது. இதெல்லாம் நடக்குமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு பெண் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அவனைக் கடையிலிருந்து இழுத்துவந்து அடித்தார்கள். வலது கையைக் கல்லில் வைத்து அடித்தார்கள். அவன் என்னைப் பார்த்துத்தான் கத்தினான். "யம்மா, நான் உங்களாண்ட சொன்னேன்ல, எவனோ நறுக்குறான்னு சொன்னேன்ல, சொல்லுங்கம்மா." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இருக்கிறவளிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்கள். தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணிடமே ஏன் சொல்லவில்லை என்று போலீஸ் கேட்டதாம். அந்த அம்மாதான் வேண்டாம் என்றார்கள் என்று அவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஜெயிலுக்குப் போனான். தையில் ஜாமீனில் வந்தான். கடையைத் திறக்கவில்லை. விரல்கள் மடங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு சாவியைக்கூடப் பிடிக்க முடியாதாம்.

எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் மேடம், அந்த மாதங்களைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டுமானால், நான் நன்றாகத் தூங்கினேன். பூமிகா உள்ளறைக் கட்டிலில் இருந்தாள். குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். அவள் எங்கேயும் போகவில்லை. சர்வீஸ் ரோட்டில் எத்தனை டிரெய்லர் போனாலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்புராஜ் உள்ளே இருந்தபோது அவனுடைய அம்மா செல்வி அடிக்கடி வந்து எங்கள் கேட்டுக்கு வெளியே நிற்பாள். "யக்கா, என் புள்ள அப்டி பண்றவன் இல்லக்கா. ஸ்டேஷன்ல ஒரே ஒரு வார்த்த சொல்லுக்கா," என்பாள். நான் உள்ளே போய்விடுவேன். ஒருநாள் நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவள் நேராக உள்ளறைக்கே போய்விட்டாள். நான் ஓடிவருவதற்குள் சொல்லிவிட்டாள்.

"கண்ணு, கம்பிய யாரோ நறுக்குறாங்கன்னு அவன் அப்பவே உங்கம்மாவாண்ட சொன்னானாம். உன்னாண்ட சொல்ல வேணாம்னு உங்கம்மாதான் சொன்னாங்களாம். ஜெயிலுக்கு பாக்கப்போனா அதயே சொல்லி அழுவுறான்."

செல்வியை வெளியே அனுப்பிவிட்டு வந்தேன். பூமிகா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா சொல்ல வேணாம்னு சொன்ன?"

"நீ பயப்படுவன்னுதான்டி."

ரொம்ப நேரம் என் கைகளையே பார்த்தாள். அம்பத்தூர் கம்பெனிக் கதையெல்லாம் நான் அவளுக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன்.

அன்றிலிருந்து அவள் என்னை ஒரு நொடிகூடக் கண்ணிலிருந்து விடுவதில்லை. நான் அறைக்குள் எங்கே நகர்ந்தாலும் அவள் கண் கூடவே வரும். சோறு கொடுத்தால் நான் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். அவ்வளவு பாசம். நான் விழித்திருக்கும்வரை அவளும் தூங்க மாட்டாள். தலை பின்னும்போது அவள் கழுத்தில் என் கை பட்டால் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடும். பலவீனம்தான். எதற்கெடுத்தாலும் கத்துகிற பெண், குரலை உயர்த்துவதே இல்லை. "சரிம்மா, சரிம்மா" என்பாள். இவ்வளவு பணிவாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை. அம்மாவின் அருமை இப்போதுதான் புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் செயற்கைக் கால் வந்தது. நடைப்பயிற்சி கொடுக்க அருணா என்ற பெண் வாரம்தோறும் வீட்டுக்கு வருவாள். பூமிகா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு கோலை ஊன்றி. ஒருநாள் கோல் இல்லாமல் வாசல்வரை போனாள். கேட்டைத் தொட்டாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். பழைய பயம் முழுசாகத் திரும்பி வந்தது. ஓசூரில் உட்கார்ந்து செய்கிற வேலை இருக்கிறதாம், அருணா விசாரித்துச் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் காலில் கணுப்பக்கம் ஒரு திருகு இருக்கிறது. அவள் குளிக்கும்போது கழற்றி வைப்பாள். அரைச் சுற்று தளர்த்தினேன். அரைச் சுற்றுதான். முற்றத்தில் விழுந்து முகவாய் கிழிந்தது. தையல் போட்டார்கள். மறுபடியும் அவள் படுக்கையில் இருந்தாள். தையல் பிரித்து அவள் எழுந்து நின்ற அன்றைக்குத் திரும்பவும் தளர்த்தினேன். அன்று அருணா வந்திருந்தாள். காலைக் கையில் எடுத்துப் பார்த்தவள், "போன வாரம் நானே டைட் பண்ணிட்டு போனேனே, எப்டி லூசாச்சு?" என்றாள்.

பூமிகா அருணாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல் பதிந்த இடம் வெளுத்துப்போனது. "அக்கா, என்ன இட்டுக்கினு போயிடுங்க. இப்பவே. என்ன இங்க உட்டுட்டு போவாதீங்க," என்றாள். மாற்றுத்துணிகூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காலோடு அருணாவின் தோளில் தொங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நான் ஆட்டோவுக்குப் பக்கத்தில் போனதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வலி தாங்கவில்லை போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நீங்கள் வந்தீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். கம்பிகளை நறுக்கியது நான். பூஜையில் இருந்த சாவியை எடுத்து முன் சக்கரத்தைத் தளர்த்தியது நான். காலில் திருகைத் தளர்த்தியதும் நான்தான். அன்புராஜ் ஒன்றும் செய்யவில்லை, அவனை விட்டுவிடுங்கள். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை வருஷம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மேடம். பூமிகா எங்கே இருக்கிறாள் என்று நீங்கள் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். சரி, சொல்ல வேண்டாம். பொழுது சாய்வதற்குள் அவளை மட்டும் என்னிடம் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் குழந்தை பயந்துவிடும்.